அடியில தட்டற சத்தம்

அந்த ஜன்னலைச் சாத்தாதீங்க தம்பி, சித்தெ காத்து வரட்டும். சங்ககிரியா போறீங்க? நானும் அங்கதான் எறங்கோணும். நல்லதாப் போச்சு. யாருகிட்டயாவது பேசாமப் போனா இன்னைக்கு எனக்கு மண்டை வெடிச்சுருமுங்க.

பெத்த மகனைப் பாத்துட்டு வர்றேன். பவானி பைபாஸ்ல நாச்சிமுத்து பட்டறைன்னு கேட்டா எந்த லாரிக்காரனும் கை காட்டுவான். என்ற தங்கச்சி பாவாயியக் கட்டுன மாப்பிள்ளைதான் அந்த நாச்சிமுத்து. என்ற மகன் பூபதி இப்ப அந்தப் பட்டறையிலதான் இருக்கறான். என்ற ஊட்டுக்காரி சம்பூர்ணமும் அங்கயே போய் உக்காந்துட்டா. ஊட்டுல நானும் ஒரு எருமையுந்தான். என்ற குடும்பத்தையே அந்த மனுசன் வாரிக் கட்டிட்டுப் போயிட்டாருங்க. எதுனாலங்கறீங்க? ஒரு இன்ஜின்னால. சிரிக்காதீங்க. சொல்றேன், கேட்டுட்டு நாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எங்கிட்ட ஒரு லாரி இருந்துச்சு. பழைய வண்டிதான், ஆனா உழைச்ச வண்டி. அந்த ஒரு வண்டியிலதான் தங்கச்சி கண்ணாலத்தை முடிச்சேன், ஊடு கட்டுனேன். கடைசியில கொஞ்சம் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. காலையில எடுக்கறப்ப முக்கும். பொகை நீலமா வரும். நடைக்கு நடை ஆயில் ஊத்தோணும். லோடோட மேடு ஏறுனா அடியில யாரோ சுத்தியல வெச்சுத் தட்டறாப்பல ஒரு சத்தம். ஓடுன வண்டின்னா அதெல்லாம் இருக்குமுங்க. நான் ஒண்ணும் விவரமில்லாதவன் இல்ல, அந்த வண்டிய எத்தனையோ வருசம் நானே ஓட்டியிருக்கறேன். பிஸ்டன், லைனர், ரிங்கு இதுகளை மாத்துனா இன்னுமொரு பத்து வருசத்துக்குக் கேக்க வேண்டாம். எனக்கே தெரியும்.

அதைத்தான் மாப்பிள்ளைகிட்டப் போய்ச் சொன்னேன். "மாப்ள, மேல் வேலைய மட்டும் முடிச்சுக் குடுங்க, சிமெண்ட் லோடு காத்துட்டு நிக்குது"ன்னேன். சரின்னு சொல்லிட்டுப் போற மனுசனா அவரு?

"தொறக்கறதுக்கு முன்னால உள்ள என்ன ஆயிருக்குதுன்னு பாத்தரலாமுங்க மச்சான்"னாரு.

"தொறந்தாத் தெரியப் போகுது. அதுக்கு முன்னால என்னத்தப் பாக்கறது?"

"தொறந்துட்டா சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேக்க முடியாதுங்களே"ன்னாரு.

இந்த மாதிரிப் பேச்சு. எடக்குப் பேச்சு. சரின்னு நின்னேன்.

வண்டிய ஓட உட்டாரு. சூடேறட்டும்னு உட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, பாருங்க அலட்சியத்தை. வந்து ஆயில் ஊத்தற மூடியக் கழட்டுனாரு. பொகை புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுது. "ரிங்கு போயிருக்குது, அதுல நீங்க சொல்றது சரிதானுங்க"ன்னாரு. பாத்தீங்களா, நான் சொன்னது சரின்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அத்தோட நிறுத்தியிருக்கலாமல்ல? ஒரு மீட்டரைக் கொண்டாந்து மாட்டி ஆயில் பிரஷரைப் பாத்தாரு. வண்டி ஆறிக் கெடக்கறப்ப நல்லா நின்ன முள்ளு, சூடானதுக்கப்பறம் கீழ படுத்துக்கிச்சாம். அதுக்கு மூஞ்சியச் சுளிச்சாரு. அப்பறம் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணை எடுத்து நுனிய இன்ஜின் மேல வெச்சு, பிடிய காதுல வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு. சாமி வந்தவனாட்ட.

அப்பறம் டீசல் குழாயோட நட்டை ஒவ்வொண்ணாத் தளர்த்துனாரு. ஒண்ணைத் தளர்த்துனா அந்த ஒரு பிஸ்டனுக்கு மட்டும் டீசல் போகாது, அது சும்மா சுத்தும். மொதலாவதுல சத்தம் மாறலை. ரெண்டாவது, மூணாவது, மாறலை. நாலாவதைத் தளர்த்துனதும் அந்தத் தட்டற சத்தம் சட்டுன்னு அடங்கிருச்சுங்க. நட்டை முறுக்குனாரு, மறுபடி தட்டுச்சு. தளர்த்துனாரு, அடங்குச்சு. என்னைப் பாத்தாரு. நான் எதுக்கு அவரைப் பாக்கறேன்? ரோட்டைப் பாத்துட்டு நின்னேன்.

ஆயிலைத் தட்டத்துல வடிச்சு ஒரு வெள்ளை வேட்டித் துணியில உட்டு வடிகட்டுனாரு. அந்தத் துணிய வெய்யில்ல விரிச்சு, "வாங்க மச்சான், பாருங்க"ன்னாரு. மினுக்கு மினுக்குன்னு ஏதோ தூளு. வெள்ளியாட்டக் கொஞ்சம், செம்பு நெறத்துல கொஞ்சம்.

"வெள்ளித் தூளு மட்டும் இருந்தாக் கூடப் பரவால்லைங்க. பேரிங்குல மேல் பூச்சு தேயறதுன்னு உட்டரலாம். செம்பு வந்துருக்குது. பூச்சு போயி அடித்தகடு தேய ஆரம்பிச்சுருக்குது. அடியில சுத்தற கிராங்க்கைக் கழட்டிப் பாக்காம இந்த இன்ஜின்ல நான் கை வெக்க மாட்டேன்"னாரு.

"மேல மட்டும் புதுசு போட்டா என்ன ஆயிருங்கறீங்க?"

"அதுதானுங்க வம்பே. மேல புதுசு போட்டா இன்ஜினுக்குப் பலம் கூடும். அந்தப் பலத்தை அடியில நைஞ்சு கெடக்கறது தாங்காது. இப்ப மெதுவாப் போற வண்டி, ஓட்டறவன் புதுசுன்னு நெனச்சு மிதிப்பான். மேட்டுல வெச்சு உடைச்சுட்டுப் போயிரும்."

அப்பறந்தான் சொன்னாரு, பட்டறையில நாலஞ்சு டிரைவருங்க நிக்கறப்ப, எல்லாருக்கும் கேக்கறாப்பல: "இந்த இன்ஜின் ஒருக்கா ஆயில் இல்லாம ஓடியிருக்குதுங்க மச்சான். ஓட்டுனவன் நிறுத்தியிருந்தா இது நடந்துருக்காது."

எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க. அவரு தாலி கட்டறப்ப மணவறைக்குப் பக்கத்துல நின்னவன் நானு. இந்தப் பட்டறைக்கு மொத வண்டி உட்டவன் நானு. நாலு பேரு முன்னால அந்த வார்த்தையச் சொன்னாரு. என்ற டிரைவர் மாரப்பனைத் திரும்பிப் பாத்தேன், அவ்வளவுதான். ஊட்டுக்கு வந்ததும் அவனைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். ரொம்ப நாளா இருந்தவன்தான். அழுதான். "நான் எப்பங்க ஆயில் இல்லாம ஓட்டுனேன்?"னான். அதையெல்லாம் பாத்தாத் தொழில் பண்ண முடியுங்களா?

வண்டிய சேலம் ரோட்டுல வேறொரு பட்டறையில உட்டேன். அந்தாளு நல்ல மனுசன். ஸ்க்ரூடிரைவரு, துணி, மீட்டரு ஒண்ணுமில்ல. பொகையைப் பாத்தான். "பிஸ்டன் செட்டு மாத்துனாப் போதுமுங்கண்ணா, அடியெல்லாம் தொறந்துட்டிருந்தா நாளு இழுத்துக்கும்"னான். நான் மனசுல நெனச்சது அப்பிடியே அவன் வாயில வந்துச்சு. பேசத் தெரிஞ்சவன்.

வேலை முடிஞ்சு வண்டிய எடுத்தம் பாருங்க, கும்முன்னு நின்னுச்சு! பொகையே இல்ல. மேட்டுல ஏறுச்சுன்னா புது வண்டி தோத்துப் போகும். அந்தத் தட்டற சத்தங்கூட இருந்துச்சோ இல்லையோ, இந்தப் பக்கம் ரேடியோ பாடறதுல எங்க கேக்குது? வேணுமின்னே அந்த வண்டிய பவானி பைபாஸ் வழியா ஓட்டிட்டுப் போனேன். பட்டறை முன்னால மெதுவாப் போயி ஆரன் அடிச்சேன். மாப்பிள்ளை வெளிய வந்து நின்னு பாத்தாரு. பாத்துட்டுக் காதைச் சாய்ச்சுக் கேட்டாரு. உள்ள போயிட்டாரு. பொறாமை.

மாரப்பன் போனதுக்கப்பறம் டிரைவர் வேணுமல்லங்க? என்ற மகன் பூபதிதான் ஓட்டுனான். மாரப்பன்கிட்டயே தொழில் கத்துக்கிட்டவன். தங்கமான பையன் தம்பி. பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் தெரியாது. வண்டிய ஒவ்வொரு நாளும் தொடைச்சுப் பொட்டு வெச்சுத்தான் எடுப்பான். "அப்பா, இன்ஜின் நல்லாருக்குதுங்களா? மாமா ஏதாச்சும் சொன்னாருங்களா?"ன்னு கேட்டான். "மாமாவுக்கு வேற வேலை இல்ல, நீ ஓட்டு கண்ணு"ன்னேன். சின்னப் பையனைப் போயி எதுக்குப் பயமுறுத்தறதுங்கறேன்? ஓட்டறவனுக்கு மனசுல பயம் வந்துட்டா கை நடுங்கும். பெத்தவனுக்குத் தெரியாதுங்களா எதைச் சொல்றது, எதைச் சொல்லக் கூடாதுன்னு?

சிமெண்ட் லோடு. சாம்ராஜ்நகருக்கு. பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏறோணும். வளைவுக்கு மேல வளைவு, உங்களுக்குத் தெரியுமல்ல? பட்டப்பகல்தான். பாதி மலை ஏறியிருக்கறான். புதுசாட்ட இழுக்குதுன்னு அவனும் மிதிச்சுட்டுத்தான் போயிருக்கறான். அடியில ஒரு சத்தம் கேட்டுச்சாம், அதுக்கு அடுத்த நொடி குண்டு வெடிச்சாப்பல இன்னொரு சத்தம். அந்த நாலாவது பிஸ்டனோட ராடு உடைஞ்சு, இன்ஜினோட பக்கச் சுவரைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துருச்சுங்க. இரும்பைக் கிழிச்சுக்கிட்டு. இன்ஜின் நின்னு போச்சு. அத்தனை லோடோட வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுருச்சு. பிரேக்கை மிதிச்சா எவ்வளவு நேரம் நிக்கும்? பின்னால பண்ணாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்த வேன் ஒண்ணு, பொம்பளைங்க கொழந்தைங்களோட. கண்ணாடியில பாத்திருக்கறான். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. ஸ்டியரிங்கை ஒடிச்சு வண்டியப் பாறையில கொண்டுபோய்ச் சாத்திட்டான். அவன் உக்காந்திருந்த பக்கமே.

வேன்ல இருந்தவங்க ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. இவனைக் கதவை அறுத்துத்தான் எடுத்தாங்க. வலது காலு முட்டிக்குக் கீழ போச்சு.

இல்லைங்க, நான் அழுகலை. காத்துல தூசி.

சத்தியமங்கலத்துல இருந்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோனம். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சுப் பாத்தவன் மொதல்ல என்ன கேட்டான் தெரியுங்களா? "வேன்ல இருந்தவங்க?"ன்னான். அப்பிடியாப்பட்ட பையன். அடுத்தாப்பல என்ற கையப் புடிச்சுட்டு, "என்ற தப்பு இல்லைங்கப்பா. நான் டேஷ்போர்டைப் பாத்துட்டேதான் ஓட்டுனேன். ஆயில் லைட்டு எரியவே இல்லைங்கப்பா. எரிஞ்சிருந்தா ஓரங்கட்டியிருப்பனுங்க"ன்னான்.

எப்பிடி எரியும்? அந்த பல்பைத்தான் நான் கழட்டிப் போட்டிருந்தேனே.

அது வேற ஒண்ணுமில்லைங்க. ஆந்திராவுல ஒருக்கா மொளகா ஏத்தப் போனப்ப ஆயில் ஒழுகிருச்சு. நான் ஓட்டிட்டிருந்தேன், மாரப்பன் பின்னால படுத்துத் தூங்கிட்டிருந்தான். லைட்டு எரிஞ்சுது. அந்தக் காட்டுக்குள்ள நிறுத்துனா எவன் வருவான்? பக்கத்து ஊரு வரைக்கும் ஓட்டிட்டுப் போயி ஆயில் ஊத்துனேன். அன்னையில இருந்து அந்தச் செகப்பு லைட்டு சும்மாச் சும்மா மினுக்கும். கண்ணுக்கு எடஞ்சல். பல்பைக் கழட்டிட்டேன். லாரி வெச்சுருக்கறவங்க எத்தனையோ பேரு பண்றதுதான். மாரப்பன் முழிச்சுட்டு இருந்துருந்தா ஆயில் ஒழுகறதைப் பாத்திருப்பானல்ல? அப்ப அது அவன் தப்புத்தானுங்களே?

அதையெல்லாம் ஆசுபத்திரியில பையன்கிட்டச் சொல்லிட்டிருக்க முடியுங்களா? "ஆமா கண்ணு, உன்ற தப்பு இல்ல, எல்லாம் நேரம்"னு தலையத் தடவிக் குடுத்தேன்.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்தாரு, பாவாயியோட. வந்து காலைப் பாத்தாரு. ஆம்பளை இப்பிடி அழுது நான் பாத்ததில்லைங்க. அழுதுட்டுப் போக வேண்டியதுதான? அவரு என்ன பண்ணாரு, பையன் பக்கத்துல உக்காந்து, "ஏன் கண்ணு, நான் அத்தனை சொல்லியும் இந்த வண்டிய ஏன் மலைக்கு ஏத்துன?"ன்னாரு.

பூபதி, "என்ன சொன்னீங்க மாமா?"ன்னான்.

"அப்பா சொல்லலையா?"

இவ்வளவுதானுங்க. இந்த ரெண்டு வார்த்தையில என்ற குடும்பம் ரெண்டாப் போச்சு. பையன் திரும்பி என்னையப் பாத்தான். சம்பூர்ணமும் பாத்தா. நான், "இதையெல்லாம் பேசற நேரமா மாப்ள இது?"ன்னேன். நாயம்தானே? ஆசுபத்திரியில, கட்டுப் போட்டுக் கெடக்கற பையன்கிட்ட, அப்பனைக் கோள் சொல்லோணுமா? ஒரு மாசம் கழிச்சுச் சொல்லியிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? அவரு அன்னைக்கு பட்டறையில வெச்சு "மேட்டுல வெச்சு உடைச்சுரும்"னு வாயத் தொறந்து சொன்னாரே, அந்த வாயிதான் பலிச்சுதுன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். அபசகுனமாப் பேசாதீங்கன்னா கேக்கறதில்ல.

கட்டுப் பிரிச்சதும் பூபதி ஊட்டுக்கு வரலைங்க. நேரா பவானிக்குப் போயிட்டான். கட்டைக்கால் வெச்சுக்கிட்டு மாமன்கிட்டத் தொழில் கத்துக்கறானாம். சம்பூர்ணம் பையனைப் பாத்துக்கறேன்னு போனவ, மொதல்ல துணிமணிய எடுத்துட்டுப் போனா, அப்பறம் அண்டா குண்டாவ எடுத்துட்டுப் போனா. நான் கேட்டேன், "என்னைய ஆரு பாத்துக்குவா?"ன்னு. "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே"ன்னா. இத்தனை வருசம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவ.

இன்னைக்கு என்ன நெனச்சனோ, நாமளே இறங்கிப் போலாம்னு காலையிலயே கெளம்பிப் போனேன். பையனுக்குப் புடிக்குமேன்னு முறுக்கு வாங்கிட்டு. மாப்பிள்ளை வெளிய போயிருந்தாரு. பூபதி ஒரு லாரிக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து என்னமோ பாத்துட்டிருந்தான். "வாங்கப்பா"ன்னான். மரியாதையெல்லாம் குறைக்கலை. ஒரு சேரை இழுத்துப் போட்டான். சரி, எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்.

அந்த லாரிக்காரரு பக்கத்துல நின்னுட்டிருந்தாரு, பரமத்திப் பக்கமாம். நம்மளாட்ட ஆளு. பூபதி அவருகிட்ட, "அடியில வேலை இருக்குதுங்க. பூரா எறக்கிப் பாக்காம மேல் வேலை மட்டும் நான் பண்ண மாட்டேனுங்க"ன்னு சொல்றான். அந்தாளு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "லோடு நிக்குதப்பா"ன்னாரு. எனக்கு மனசு கேக்கலைங்க. வந்த கிராக்கிய இப்பிடித் தொரத்துனா பையன் எப்பிடிப் பொழைப்பான்? அவன் நல்லதுக்குத்தான் வாயத் தொறந்தேன்.

"பூபதி, வந்தவங்களைப் பயமுறுத்தாத கண்ணு. அவரு கேட்டதைப் பண்ணிக் குடு. பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும்"னேன். அந்தாளுகிட்டயும், "என்ற அனுபவத்துல சொல்றனுங்க, மேல் வேலையே போதும்"னேன்.

பூபதி கையத் தொடைச்சான். மெதுவாக் குனிஞ்சு பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டுனான். அந்தக் கட்டைக்காலைக் கழட்டி, அந்தாளுக்கு முன்னால ஸ்டூல் மேல வெச்சான்.

"இவரு எங்கப்பாங்க. இவரு அனுபவமும் இருக்குது, இதுவும் இருக்குது. எதை வேணுமோ கேட்டு முடிவு பண்ணிக்குங்க"ன்னான்.

கோவமாச் சொல்லலைங்க. அதுதான். திட்டியிருந்தாக் கூட வாங்கிட்டு வந்துருப்பேன்.

அந்தாளு என்னைய ஒரு பார்வை பாத்தாரு தம்பி. முன்னப் பின்னத் தெரியாத ஆளு. வண்டிச் சாவிய எடுத்துப் பூபதி கையில குடுத்துட்டு, "எறக்குப்பா, எத்தனை நாளானாலும் ஆகட்டும்"னுட்டுப் போயிட்டாரு.

சம்பூர்ணம் உள்ள இருந்து வந்தா. தண்ணி குடுப்பான்னு பாத்தேன். கட்டைக்கால எடுத்து, பையன் காலடியில உக்காந்து, அவளே மாட்டி உட்டா. "பஸ்ஸு இப்ப வந்துருமுங்க"ன்னு எங்கிட்டச் சொன்னா. முறுக்கைக் குடுத்தேன், வாங்கி வெச்சுக்கிட்டா.

சொல்லுங்க தம்பி. பெத்தவனை ஒரு அசலூர்க்காரன் முன்னால அப்பிடி நிக்க வெக்கலாமா? நான் என்ன கெடுதலா சொன்னேன்? நீங்க ஜன்னலுக்கு வெளிய பாக்கறீங்க. பரவால்ல. மனசுல இருக்கறதைக் கொட்டிட்டேன்.

இதுக்கெல்லாம் ஒடைஞ்சு போற ஆளு நான் இல்லைங்க. என்ற வெவசாயக் காட்டுல ஒரு பகுதிய வித்துட்டு ஒரு லாரி பாத்துருக்கறேன். இப்ப சங்ககிரியில எறங்கி அங்கதான் போறேன். கொஞ்சம் பழசு. நேத்தே ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஒரே அடியில புடிச்சுது. விக்கறவரும் நல்ல மனுசன், "தாராளமாத் தொறந்து பாத்துக்குங்க"ன்னாரு. "தொறந்து பாக்கறதுக்கு என்ன இருக்குது, சத்தத்துலயே தெரியுதே"ன்னுட்டேன்.

ஒரு நல்ல டிரைவருதான் கெடைக்க மாட்டீங்குது. இந்தப் பக்கம் நம்ம பேரைக் கெடுத்து வெச்சுருக்கறாங்க. ஆமா, நானும் அப்ப இருந்து பாக்கறேன், உங்க கையி நல்லாக் காய்ப்புக் காச்சிருக்குது, ஸ்டியரிங் புடிச்ச கையாட்ட.

ஹெவி லைசென்ஸ் வெச்சுருக்கறீங்களா தம்பி?